நான் கட்டிய இரண்டு பொட்டலங்கள்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருஷங்களாகப் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்திருக்கிறேன். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தயக்கத்துக்குப் படிப்பு காரணமில்லை. அம்மன் சன்னதியில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அதுதான் காரணம்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில், ஒற்றை அறையில் குடியிருந்தோம். நான், என் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். கப்பல் பட்டறையில் சாமான் கிடங்கு என் பொறுப்பு. சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் குளித்து, விபூதி பூசிக்கொண்டு முடிதிருத்தும் கடைக்குப் போவேன். முடி வெட்டிக்கொள்கிறேனோ இல்லையோ, இரண்டு மணி நேரம் பேச்சு நடக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. பெரும்பாலானதை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. மேடையில் அழகாகப் பேசுகிறவரை விடுங்கள், சாக்கடை அடைத்துக்கொண்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பார்க்கிறவருக்கு ஓட்டுப் போடுங்கள் என்பேன். சம்பாதித்ததை எல்லாம் அனுப்பி ஊரில் மச்சுவீடு கட்டிவிட்டு, இங்கே பெற்ற பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கக் கணக்குப் பார்க்கிறவனைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். சாமி கும்பிடாமல் வேலைக்குக் கிளம்புகிறவனைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தேன். அதைக் கடையில் சொல்லி ஒருமுறை சண்டையே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பல காலமாக இங்கே இருக்கிறவர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போடலாம் என்று சட்டம் வந்தது. எடுத்துக்கொண்டால் இந்தியக் குடிமகன் இல்லை என்று ஆகிவிடும். கடையில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், கவர்ன்மெண்ட் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா, எனக்குச் சிநேகிதர். அவர் ஒரு நாள், “அண்ணை, நீங்கள் யோசிச்சுக் கொண்டே இருங்கோ. பேப்பர் வச்சிருக்கிறவன் வீட்டையும் எடுத்து வேலையையும் எடுத்துக்கொண்டு போயிடுவான். பிறகு யோசிக்கிறதுக்கு உங்களுக்கு நிறைய நேரம் கிடைக்கும்” என்றார். கடையே சிரித்தது. நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் அந்த முடிவு செல்லவில்லை. என் மனைவி சத்தம் போடுகிறவள் இல்லை. அரிசி களைந்துகொண்டே கேட்டாள்:

“எங்க அம்மா செத்தாக்கூட வேத்து நாட்டுக்காரியாத்தான் போயி நிக்கணுமாங்க?”

 பிள்ளைகளின் படிப்பைச் சொன்னேன், பென்ஷனைச் சொன்னேன், கிராணி சொன்னதைச் சொன்னேன். கடைசியில் அவளே, பூக்கட்டிப் பார்த்துவிடலாம், அம்மன் சொன்னால் சரி என்றாள்.

எங்கள் ஜனங்களின் வழக்கம் அது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து நூல் கட்டிச் சன்னதியில் வைத்தால் குருக்கள் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் மனுப் போடுவது, சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை விடுவது என்று பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை காலை பூக்கடையில் வெள்ளைக்கு நந்தியாவட்டையும் சிவப்புக்கு அரளியும் வாங்கினோம். கோயில் வாசலில், “நீங்களே கட்டுங்க” என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடப் போனாள்.

இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். அரளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

குருக்கள் எடுத்துக் கொடுத்ததைப் பிரித்து என் மனைவி கண்ணில் ஒற்றிக்கொண்டாள், தலையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவளே என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து மனுப் போட அனுப்பினாள்.

சத்தியப் பிரமாணம் எடுக்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதிலிருந்து என்னால் பூஜையில் உட்கார முடியவில்லை. கற்பூரம் ஏற்றுவேன், நிமிர்ந்து படத்தைப் பார்க்க மாட்டேன். சத்தியம் எடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அவள் மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தாள்.

“சாமியவே ஏமாத்தின ஆளு, நாளக் கழிச்சு சர்க்கார்ல போயி சத்தியம் பண்ணப் போறீங்களா?”

மறுபடியும் ஒழுங்காகப் பூக்கட்டிப் பார்க்கலாம், சிவப்பு வந்தால் கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது.

“சவரக்கடையில அத்தன பேரையும் கேட்டீங்க. யாழ்ப்பாணத்தாரக் கேட்டீங்க. அம்மனக் கேட்டீங்க. என்னைய எப்ப கேட்டீங்க?”

யோசித்துப் பார்த்தேன். அவளிடம் காரணங்கள் சொல்லியிருக்கிறேனே தவிர, கேட்டதில்லை. அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன். அவள் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளை எழுப்பப் போனாள்.  மறுநாள் நான் வேலை முடிந்து வந்ததும் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “எடுங்க. பிள்ளைங்க பொறந்த மண்ணு இது. ஆனா காலம் வரும்போது எனக்கும் எம் பேருல தனியா ஒண்ணு வேணும். உங்க பேப்பருல ஒட்டிக்கிட்டு நான் வரமாட்டேன். அதுக்கு மொத, சன்னதியில போயி வாயத் தொறந்து சொல்லிட்டு வாங்க. மனசுக்குள்ள சொல்றது கணக்குல வராது.”

அன்று சாயங்காலமே போனேன். ஏழெட்டுப் பேர் தீபாராதனைக்கு நின்றார்கள். அவர்கள் காது கேட்க, “தாயே, ரெண்டுலயும் வெள்ளப்பூதான் வச்சேன்” என்று சொன்னேன்.  குருக்கள் எல்லோருக்கும் கொடுப்பது போல எனக்கும் விபூதி கொடுத்தார். மறுநாள் போய்ச் சத்தியம் செய்தேன். நாக்குத் தடுமாறவில்லை.

சில வருஷம் கழித்து அவளும் தன் பேரில் பிரஜாவுரிமைப் பத்திரம் வாங்கினாள். குவீன்ஸ்டவுனில் எங்களுக்குச் சர்க்கார் வீடு கிடைத்தது. அவள் அம்மா இறந்த தந்தி வந்தபோது கப்பலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்ற நிலை. எந்த நாட்டுப் பத்திரம் இருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது. அதை அவளிடம் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பிரஜாவுரிமை எடுத்தது சரி என்றே இன்றும் சொல்வேன். எடுத்த விதம் தப்பு. இரண்டும் என் அபிப்பிராயம்தான்.

அவள் முதல் தடவை ஓட்டுப் போட்டுவிட்டு வந்தபோது யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். “அதெல்லாம் சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல” என்று குடையை மடக்கிக்கொண்டு படியேறினாள். இன்றுவரை சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது எடுத்துச் சொல்வதாக இருந்தால், உள்ளபடியே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னை நல்லவனாகக் காட்ட ஒரு வரி சேர்க்க வேண்டாம். அவள் கேட்டதில் ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம்.