நானேதான் விட்டேன்

வந்ததும் என் வீட்டுத் திரைச்சீலையை இழுத்து இழுத்து நேராக்குவாள் புலெங். "இதை யாரு மடிச்சது? புருஷனோட சண்டை போட்டுக்கிட்டே மடிச்ச மாதிரி இருக்கு." வந்த விஷயத்தை அதற்குப் பிறகுதான் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு மூத்தவள். தென்னாப்பிரிக்காவில், எங்கள் வெல்கம் ஊரில், விடுதிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் இஸ்திரி போட்டவள். வலது தோள் சற்று இறங்கியே இருக்கும்.

சோளக்களி கிண்டும்போதுகூட அவள் தலைத்துணி நலுங்காது. பிறர் முன்னால் அதை அவிழ்த்து நான் பார்த்ததில்லை.

போன குளிர்காலத்தில் கூடத்தில் இரண்டு விரிப்புகள் காணாமல் போயின. வேலை முடிந்ததும் புது மேலாளர் பெண்களை வாசலில் நிறுத்தி, லாரிக்காரர்கள் வேடிக்கை பார்க்க, தலைத்துணியை அவிழ்த்து உதறச் சொன்னார். மற்றவர்கள் அவிழ்த்தார்கள்.

"ரெண்டு விரிப்பை இதுக்குள்ள வெச்சா நான் நிமிர்ந்து நிப்பேனாய்யா?" என்றாள் புலெங்.

"இஷ்டமில்லேன்னா வேலையை விட்டு நின்னுக்கலாம்."

"சரி, நின்னுக்கறேன்."

தொழிலாளர் அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்த இளைஞன் பதமாகத்தான் சொன்னான்: "நீங்களா விட்டா வேலையில்லாக் காலத்துப் பணம் வராதும்மா. அவங்க நிறுத்தியிருந்தா வரும்."

அங்கிருந்தே மேலாளருக்குப் போன் போட்டேன். வம்பு வேண்டாமென்று, ஆட்குறைப்பு என எழுதித்தர ஒப்புக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. புலெங் போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"என்னை யாரும் குறைக்கலை. நானேதான் விட்டேன்."

"அக்கா, வீட்டுல மாவு இருக்கா?"

"இல்ல. உன் வீட்டுல இருக்குல்ல?"

கேட்டுக்கொண்டிருந்த இளைஞன், "ஏன் விட்டீங்கன்னு நான் கேக்கவே இல்லையேம்மா" என்றான். சொன்னாள். அவன் பேனாவைக் கீழே வைத்தான். "வேலையில இருக்க முடியாதபடி பண்ணி, உங்களை விட வெச்சா, அவங்க நிறுத்தினதாத்தான் கணக்கு. ஆனா தீர்ப்பாயம் அதைச் சொல்லணும். ஒரு மாசத்துக்குள்ள போயிடுங்க."

போனாள்; நானும் கூட. எதிரே மேலாளர். யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல, குரல் ஏறாமல் சொன்னாள். மேசைக்கடியில் என் மணிக்கட்டை அவள் பிடித்திருந்த இடம் சாயங்காலம் வரை சிவந்திருந்தது. தீர்ப்பு வரும்வரை இரண்டு வீட்டுக்கும் என் மாவுதான். களி குழைந்துவிட்டதென்று குறையும் சொல்வாள்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. மறுபடியும் அதே கவுன்டர்.

"'நிறுத்தப்பட்டவர்'னு போட்டிருக்கேன். கையெழுத்துப் போடுங்கம்மா."

அந்தச் சொல்லையே வெகுநேரம் பார்த்தாள். "நானேதான் விட்டேன்னு ஓரத்துல எழுதலாமா தம்பி?"

"எழுதினா பணம் நின்னுடும்மா."

பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு காகிதத்தைக் கவிழ்த்து, அவன் பக்கம் தள்ளினாள்.