ஆப்பமாவு பொங்காததற்கு ஆயிரம் காரணங்கள்

எங்கள் வீட்டு ஆப்பச்சட்டி கைமாறிப் போக இருந்த கதையைச் சொன்னால், ஆபீஸ் மிஷினை அடுப்பாக்கிய குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். பரவாயில்லை, முதலாளிக்கே தெரிந்ததுதான்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் காலை என்றால் ஆப்பமும் பாயாவும். அப்பாவின் அக்கா, என் அத்தை, கோயிலிலிருந்து நேராக வந்து உட்காருவார். சாப்பிடுவதற்கு முன் ஆப்பத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். போன வருஷம் இழுத்தார், கிழியவில்லை.

"இன்னாடி இது, சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டலாம் போல கீது," என்றார் அம்மாவிடம். அதோடு விட்டாரா? "அந்தச் சட்டி எங்கம்மாவோடது. அடுத்த வருசமும் இப்டின்னா எங்கிட்ட குட்துடு."

அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தாராளமா எட்த்துனு போங்க அண்ணி," என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா பழக்கிய இரும்புச் சட்டி அது. எண்ணெய் காட்டினாலே போதும், ஆப்பம் தானாகக் கழன்று வரும். அது போனால் அம்மா அழமாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள். எங்கள் வீட்டில் அது இன்னும் மோசம்.

இனி என் வேலை. எங்கள் முதலாளி யானைக்கவுனியில் கஸ்டம்ஸ் கிளியரிங் நடத்துகிறார். துறைமுகத்துக்கு வரும் சரக்கின் பேப்பர்களைப் படித்துப் பிரித்து வைக்க ஒரு ஏஐ மாடல் வைத்திருக்கிறோம். வாடிக்கையாளரின் பேப்பர் வெளி ஆள் கண்ணில் படக்கூடாது என்பதால் அது எங்கள் சொந்த மிஷினில்தான் ஓடும். அந்த மிஷினைப் போட்டால் ஆபீஸின் பழைய வயரிங்கில் ஃபியூஸ் போய்விடும். அதனால் அது எங்கள் வீட்டு ஹாலில், பீரோவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது.

அதை மேய்ப்பது நான். புரோகிராம் எழுதும் எடிட்டரில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறேன். இடது ஓரத்தில் மாடல்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஸ்டார்ட், ஸ்டாப். ஓடுகிற மாடலுக்குப் பச்சைப் புள்ளி எரியும், அதற்குக் கீழே அது இப்போது என்ன எழுதுகிறது என்றும் தெரியும். இதையே முதலாளியின் கம்ப்யூட்டரிலும் நானேதான் போட்டுக் கொடுத்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள்.

தினசரி வேலைக்குச் சின்ன மாடல் போதும். பெரிய மாடல் ஒன்றும் உண்டு. அதை ஓடவிட்டால் விசிறிகள் ஊளையிடும், பின்பக்கம் வெந்நீர் அண்டா திறந்ததுபோல் சூடு அடிக்கும். ஐப்பசி மழையில் அம்மா இதைக் கண்டுபிடித்து என் சுடிதாரை அங்கே காயப்போட்டாள். அன்று முதல் அவளுக்கு அது 'சூட்டுப் பொட்டி'.

இந்த வருஷம் இருபத்துநாலாம் தேதி தூறலும் குளிருமாக விடிந்தது. காலையில் அரைத்த மாவு மத்தியானம் வரை அசையவில்லை. அம்மா அரிசி டின்னுக்குள் வைத்தாள், கம்பளி போர்த்தினாள். கடைசியில் பாத்திரத்தைத் தூக்கிவந்து சூட்டுப் பொட்டிக்குப் பின்னால், அடியில் ஒரு தட்டு வைத்து இறக்கினாள். என்னைப் பார்த்தாள்.

பெரிய மாடலுக்கு ஸ்டார்ட் கொடுத்தேன். ஆனால் சும்மா ஓடினால் அது சூடாகாது, வேலை கொடுக்க வேண்டும். "ஆப்பமாவு பொங்காததற்கு ஆயிரம் காரணங்கள் எழுது," என்று அடித்தேன். எழுத ஆரம்பித்தது. விசிறி ஊளையிட்டது. அம்மா முகத்தில் தெம்பு வந்தது.

மூன்று மணிக்குப் பச்சைப் புள்ளி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் கொடுத்தேன். அணைந்தது. கொடுத்தேன். மூன்றாவது தடவை அணைந்தபோது போன் அடித்தது. முதலாளி.

"இன்னாம்மா, மிஷினு பேஜார் பண்ணுது! பெரிசு எதுக்கு ஓடுதுன்னு நான் நிறுத்துறேன், அது தானா எய்ந்துக்குது. பேய் கீய் புட்ச்சிகிச்சா?" பிறகு திரையைப் பார்த்து மெதுவாகப் படித்தார். "'இருநூற்றுப் பதினேழாவது காரணம்: மாவுக்கு மனம் சரியில்லை.' இது எந்தக் கப்பலு சரக்கும்மா?"

வேலை போனது என்றே நினைத்தேன். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"பாய், பின்னால மாவு வெச்சிகிறேன். சூடு நின்னா மாவு போச்சு. மாவு போனா என் சட்டி போச்சு," என்று அத்தை கதை முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

பெருநாள் தவறாமல் எங்களுக்குப் பிரியாணி அனுப்புகிற வீடு அவருடையது.

"தம் போட்ட அண்டாவ நடுவுல தொறந்துட்டேனேக்கா," என்றார் நிஜமான வருத்தத்தோடு. "தெர்யாம பண்ட்டேன். ஆனா கதை எய்தினா சூடு வீணாத்தானே போவுது? ஸ்கேன் பண்ணி வெச்ச பழைய பேப்பரு அம்மாம் கீது, அத்தப் போடச் சொல்லு."

யாரும் தொடாமல் கிடந்த பழைய பேப்பர் அத்தனையையும் பெரிய மாடல் வாயில் கொட்டினேன். இப்போது புள்ளியை யாரும் அணைக்கவில்லை. ஆறு மணிக்கு மூடி லேசாக எழும்பியது. அம்மா பாத்திரத்துக்கு ஒரு சிலுவை போட்டாள், பிறகு யோசித்து மிஷினுக்கும் ஒன்று போட்டாள்.

காலையில் அத்தை வந்தார், கையில் பெரிய துணிப்பையோடு. சட்டிக்குத்தான். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்தார், முதல் ஆப்பத்தை இழுத்தார். பஞ்சுபோல் பிய்ந்து இரண்டு கையிலும் வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாமா என்று யோசித்தவர், தின்றுவிட்டார். நாலு ஆப்பம்.

கை கழுவிவிட்டு வந்து கேட்டார், "மாவ எங்கடி வெச்ச?"

பண்டிகை நாளில் அம்மாவுக்குப் பொய் வராது. பீரோ பக்கம் கையைக் காட்டினாள். முதலாளியின் பழைய பேப்பர் இன்னும் தீரவில்லை, விசிறி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அத்தை மிஷினின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்து நின்றார்.

"சட்டிய நீயே வெச்சிக்கோ," என்றார். பிறகு துணிப்பையை உதறி, வாயை அகல விரித்து என் பக்கம் நீட்டினார். "இந்தப் பொட்டியத் தூக்கி இதுல வையி."