தராசில் குறைந்த துண்டு

கலஹா சந்தியைத் தாண்டிக் கண்டிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். இடது கண்ணில் கட்டு. ஆய்வுகூடத்தில் இனி வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

டைலின் மேல் இரும்புக் குண்டு விழுந்தால் அது எப்படி உடையும் என்று, அங்கே யாழ்ப்பாணத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் முதலில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார். பிறகு நான் நிஜ டைலைச் சட்டத்தில் இறுக்கிக் குண்டைப் போடுவேன். சிதறியதைத் தூளும் விடாமல் கூட்டி அள்ளி நிறுப்போம். உடைவதற்கு முன் இருந்த எடை வராவிட்டால் சோதனை செல்லாது.

அன்று திரையில் துண்டுகள் எல்லாம் முன்பக்கமாகவே பறந்தன. பின்னால் தடுப்புத் தேவையில்லை என்றார். பின்னால் நின்றது நான்.

“கண்ணுல பட்டுருச்சு சேர்.”

“அசையாதேங்கோ அண்ணை. நிண்ட இடத்தைக் குறிக்கவேணும்.”

என் காலைச் சுற்றிச் சோக்கால் கோடு போட்டார். தாமே கூட்டி அள்ளி நிறுத்தார். எடை குறைந்தது. மேசைக்கடியில் தேடினார். என் சட்டைப் பையை உதறினார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

“மிச்சம் உங்களிட்டத்தான் இருக்கு.”

அதற்குப் பிறகே ஓட்டோ வந்தது.

“இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?” என்று ஆஸ்பத்திரியில் தாதி கேட்டாள்.

“தராசுல போட்டுப் பாத்துக்கிட்டிருந்தோம்.”

அவளுக்கு விளங்கவில்லை. துண்டை எடுத்தார்கள். பார்வை திரும்பவில்லை.

ஆராய்ச்சியாளர் வார்டுக்கு வந்து துண்டைக் கேட்டு வாங்கினார். இரத்தம் எடையைக் கூட்டும் என்று குழாயடியில் கழுவி, கைக்குட்டையில் காயவைத்தார்.

கட்டோடு ஆய்வுகூடத்துக்குப் போனபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

“எடை சரியா வந்திட்டுது அண்ணை. கணக்கையும் திருத்திப்போட்டன். இப்ப பின்னாலயும் ஒரு துண்டு பறக்குது, பாருங்கோ.”

பார்த்தேன். சாம்பல் நிறத் துண்டு ஒன்று மெல்லப் பின்னால் வந்து படத்தின் ஓரத்தில் மறைந்தது. அங்கே ஆள் யாரும் வரையப்பட்டிருக்கவில்லை.

“என் வேலை, சேர்?”

“ஒற்றைக் கண்ணோட இங்க விட ஏலாது. பாதுகாப்புப் பிரச்சினை.”

மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டையில் ஒரு டைல் கடையில் வேலை கேட்டேன்.

“மத்தக் கண்ணை ஊட்டுல வச்சிட்டு வந்தியா?” என்றார் முதலாளி. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“பெட்டி தூக்குவேன் முதலாளி.”

“தூக்கு. ஒண்டு ஒடஞ்சாலும் அப்பவே வெளிய போகணும்.”

முதல் பெட்டியைத் தோளில் ஏற்றித் திரும்பினேன். இடப்பக்கம் கதவு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. முழங்கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே உள்ளே போனேன்.