கண்ணிக்குக் கண்ணி முடிச்சு

அம்மா தேங்காய் துருவி முடித்து வெறும் மூடியைத் தரையில் வைத்தாள். என் கால் பட்டு அது ஒரு சுற்றுச் சுற்றித் தள்ளாடி நின்றது. அந்தச் சுற்றில்தான் எனக்கு யோசனை வந்தது. இந்தக் கொட்டாங்கச்சியை வட்டமாகத் தேய்த்து நடுவில் ஒரு சைக்கிள் கம்பியைச் செருகினால் நூல் திரிக்கிற தக்ளி ஆகிவிடாதா?

மூன்று நாளாக என் தலைக்குள் அப்பாவின் ஸ்வெட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் அவர் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அது. பழுப்புக் கம்பளி. மார்கழி பிறந்தால் அதைப் போட்டுக்கொண்டுதான் விடிகாலையில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போவார். இந்த வருடம் பீரோத் துணிகளை வெயிலில் போட்டு எடுத்தபோது பார்த்தால் இடது முழங்கையில் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு ஓட்டை. "எலி" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் நம்பவில்லை. எலி கொறித்தால் சுற்றிலும் துணுக்குகள் கிடக்கும். இங்கே ஏதோ இழுத்து அறுந்த மாதிரி ஒரே இழை நீளமாகத் தொங்கியது. மார்கழிக்கு ஆறு நாள் இருந்தது. அப்பாவிடம் யாரும் மூச்சு விடவில்லை.

கொட்டாங்கச்சியைத் துவைக்கிற கல்லில் தேய்த்தேன். ஒரு பக்கம் கனம் கூடிப்போய், கள் குடித்தது போலத் தக்ளி ஆடியது. மறுபடி தேய்த்தேன். தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சைத் திரித்துப் பார்த்தேன். அது வழுக்கி வழுக்கிக் காற்றில் போனதே தவிர நூலாகவில்லை. கடைசியில் என் பழைய மங்கி குல்லாவைப் பிரித்து, மெல்லிய இழைகள் இரண்டைச் சேர்த்து முறுக்கினேன். கிட்டத்தட்ட ஸ்வெட்டரின் தடிமன் வந்தது. நிறம் மட்டும் கொஞ்சம் சிவப்பு. உடைந்த குடையின் கம்பி நுனியை அரத்தால் ராவிக் கொக்கி செய்துகொண்டேன்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "இன்ஜினியரிங் முடிச்சவ ராக்கெட் செய்றா, தள்ளி நில்லுங்க."

பின்னலில் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. அறுந்த இடத்தில் உயிரோடு இருந்த கண்ணிகளைக் கொக்கியில் அள்ளி, அன்று மாலை இரண்டு வரிசை ஏற்றி என் அலமாரியில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் ஓட்டையின் எதிர் ஓரத்தில் மிளகு மிளகாக முடிச்சுகள். என் நூலையே எடுத்து யாரோ போட்டிருந்தார்கள். எரிச்சலில் கத்தரித்துப் போட்டேன். அடுத்த நாளும் அதே மிளகு. இந்த முறை இன்னும் இறுக்கமாக.

அம்மாவாக இருக்குமா? டெய்லரிடம் கொடுத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். அண்ணனா? சீண்டுவதற்காக அவன் எதுவும் செய்வான். அப்புறம் அண்ணி. அண்ணன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவர், தரங்கம்பாடிப் பக்கம், அவருடைய அப்பாவுக்குச் சொந்தப் படகு உண்டு. வந்து ஏழு மாதம். அவர் வைக்கிற மீன்குழம்பை அப்பா இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிடுவார். அம்மா இன்னும் அவர் கையில் பீரோ சாவியைக் கொடுத்ததில்லை. அந்தக் கோபத்தை இதில் காட்டுகிறாரோ?

ஸ்வெட்டர் மடிப்பின் மேல் ஒரு ஈர்க்குச்சியைக் குறுக்கே வைத்தேன். பட்டுக்கோட்டைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பினேன். ஈர்க்குச்சி தரையில் கிடந்தது. அண்ணி என் கட்டிலில் உட்கார்ந்து, ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு அளந்து அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க அண்ணி?"

கை நிற்கவில்லை. "பார்த்தா தெரியல? நீ பிரிச்சத மறுபடி போடுறேன்."

"அப்ப நீங்கதானா என் வேலையக் கெடுத்தது?"

"உன் வேலையா? இதுக்குப் பேரு கண்ணியா? ஒண்ணு அறுந்தா மொத்தமும் ஓடிடும். ஒரு மத்தி கூட இதுல நிக்காது."

"மீனு பிடிக்கப் போறதில்ல அண்ணி. அப்பா கைய விடப் போறாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் வீட்டில் கண்ணி என்றால் வலைக்கண்ணி. நான்கு மூலையிலும் முடிச்சு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வலை போச்சு. என் கண்ணி ஒன்றுக்குள் ஒன்று சும்மா தொங்குவது. அதில் முடிச்சு விழுந்தால் முழங்கை மடங்காது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் தொட்டதுன்னு தெரிஞ்சுதான் நீ வெட்டிப் போட்டியோன்னு நினைச்சேன்."

யார் போட்டது என்றே தெரியாது என்றேன். அது பாதி உண்மை. அம்மாவை ஒரு தடவை சந்தேகப்பட்டேன், அண்ணனை ஒரு தடவை, இவரை எத்தனை தடவை என்று எனக்குத் தெரியும்.

அண்ணி ஸ்வெட்டரை மடியில் வைத்தார். "எலி இல்ல. நான்தான். அத்தை துணியெல்லாம் வெயில்ல போடச் சொன்னாங்க. தூறல் போட்டுச்சேன்னு அவசரமா இழுத்தேன், துணிக்கொடி கட்டுற கம்பத்து ஆணில மாட்டிக்கிச்சு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அத்தை எலின்னுட்டாங்க. எலியே இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

"அண்ணன் எலிப்பொறியே வாங்கிட்டு வந்துட்டான், தெரியும்ல?"

"தெரியும். அதுல கருவாடு வச்சதே நான்தான்." இப்போது அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது. "மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"திட்டுவாரு."

"திட்டினாப் பரவால்ல. திட்டாம, பேசாம இருந்துட்டா? கடக்கரைக்காரி, ஒரு பொருள ஒழுங்கா வச்சுக்கத் தெரியலன்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டா?"

நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் நூலை எச்சில் தொட்டு நனைத்து, சட்டென்று இழுத்தார். அறுந்தது. "முறுக்கு பத்தாது" என்றார். அவருடைய முடிச்சு ஒன்றை நான் என் முழங்கையில் வைத்துத் தேய்த்தேன். உறுத்தியது. ஒருவர் வேலையை மற்றவர் இன்னும் நம்பவில்லை. ஆனாலும் பேசி ஒன்றுக்கு வந்தோம். அறுந்த நுனிகள் மேற்கொண்டு ஓடாமல் இருக்க உள்பக்கம் மட்டும் அவர் முடிச்சு, நடுவில் என் கண்ணி.

உடனே ஆரம்பிக்கலாம் என்று எனக்குக் கை பரபரத்தது. அண்ணிதான் தடுத்தார். "தைச்சுட்டுச் சொன்னா மறைச்சுட்டுச் சொன்ன மாதிரி இருக்கும். ஓட்டையோடவே காட்டணும். நீ பக்கத்துல நிப்பியா?"

"நிப்பேன்."

நூலை இழுத்துப் பார்த்த மாதிரியே, இது நிற்குமா என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

நாளைக் காலை அப்பா வயலிலிருந்து வந்து காபி குடித்ததும், இரண்டு பேரும் ஸ்வெட்டரை அவர் முன்னால் விரிக்கப் போகிறோம். முதல் வாக்கியம் அண்ணியுடையது. அம்மா குறுக்கே வந்து எலி என்று ஆரம்பித்தால் பேச வேண்டியது நான். அதற்குப் பிறகு அப்பா அதைச் சரிசெய்ய விட்டால், இன்னும் இறுக்கமான முறுக்கில் புது நூல் திரித்துப் பார்க்க வேண்டும்.