இருபது நிமிட வேலை

அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் நாற்பது கணினிகள். யாரும் எதிலும் உட்காரலாம். எதில் என்ன மென்பொருள் இருக்க வேண்டும் என்பது மட்டும் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவள் பொறுப்பு. வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். வேலை ஒப்பந்த வேலை. இந்த மாதக் கடைசியில் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடமும் வேலை. மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஆமை.

ஆய்வுப் படங்களை அளக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருந்தது. இரண்டு மாதம் பொறுத்தால் லினக்ஸின் அடுத்த வெளியீட்டோடு தானாக வந்துவிடும். இப்போதே வேண்டுமென்றால் அவளே அதை நிறுவத்தக்க தொகுப்பாக, பேக்கேஜாகக் கட்டி ஏற்ற வேண்டும். பிசகினால் நாற்பதும் ஒன்றாகப் படுத்துவிடும்.

"ஆமைக்கா, புதுசு நமக்கு எப்ப வரும்? நாங்க பேரன் பேத்தி எடுத்த அப்புறமா?" என்றான் ஓர் ஆய்வு மாணவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

துறைத்தலைவர் சிரிக்கவில்லை. "பயமாம்மா? பயந்தவ இந்த வேலைக்கு எதுக்கு வந்த?"

பயம்தானா, பொறுப்பா? அவளுக்கே பிடிபடவில்லை. அப்பாவிடம் கேட்டாள். "பெரியவங்க சொன்னா செஞ்சிடும்மா" என்றார். கையெழுத்தை நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள்.

மூலைக் கணினியில் பதினோரு நாள் முட்டிமோதினாள். சில பழைய கோப்புகளைப் புதிய பதிப்பில் திறந்தால் அளவுகள் சத்தமில்லாமல் மாறின. அதனால் பழையதை அப்படியே விட்டு, புதியதைப் பக்கத்தில் தனியாக வைத்தாள். பழைய கோப்பைத் தொட்டால் பழைய பதிப்புதான் திறக்கும்படி செய்தாள். திங்கள் காலை நாற்பதிலும் ஏற்றினாள். ஒரு கோப்புகூடக் கெடவில்லை.

மதியம் துறைத்தலைவர் அழைத்தார். அந்த மாணவனும் அங்கே இருந்தான்.

"ஏத்த எவ்வளவு நேரமாச்சு?"

"இருபது நிமிஷம் சார். அதுக்கு முன்னாடி பதினோரு நாள்..."

"இருபது நிமிஷ வேலைக்கா இத்தனை நாள் இழுத்தடிச்ச? ஒண்ணுமே ஆகலையே."

"ஆகாம பாத்துக்கிட்டேன் சார்."

"நானே ஏத்தியிருப்பேன் சார்" என்றான் மாணவன்.

"அப்ப இனிமே நீயே பாத்துக்க." அவர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மாசக் கடைசியோட போதும்மா. எப்படிச் செஞ்சன்னு இவனுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போ."

மூன்று நாள் உட்கார்ந்து, எந்தக் கோப்பை எதில் திறக்கக்கூடாது என்பது உட்பட, ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவன் முதல் பக்கத்தைப் பார்த்தான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தான்.

"இவ்வளவையும் யாரு படிப்பாங்கக்கா? ஒரு பக்கத்துக்குச் சுருக்கிக் குடுங்க."

இருக்கைக்குத் திரும்பிவந்து சுருக்கத் தொடங்கினாள்.