அடுப்பு மூட்டாத அறை

தெருவில் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். உருண்டைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவதால் மட்டும் வந்த பெயரில்லை. வாயும் அப்படித்தான் குத்தும். அவளும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து பின்னுவார்கள். புகை பட்டால் வெள்ளை நூல் மங்கிவிடும் என்று, எலும்பைத் துளைக்கும் குளிரிலும் அந்த அறையில் அடுப்பு எரியாது. தங்கை கொஞ்ச நாளாக இருமிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தில் யார்தான் இருமாமல் இருக்கிறார்கள்?

அன்றைக்குக் கல்யாண முக்காடு ஒன்றை முடித்து ஊசிகளைப் பிடுங்கும்போது, ஓரத்தில் கடுகளவு சிவப்பு தெரிந்தது.

"உன் விரல்லதான் குத்தியிருக்கும்க்கா" என்றாள் தங்கை, கேட்பதற்கு முன்பே.

ஊசி குத்திய ரத்தம் குத்துப்பட்டவளின் எச்சிலில்தான் போகும் என்பது லேஸ்காரிகளின் நம்பிக்கை. ஊசிக்காரி எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

"என்னுது இல்லடி. ஊமைக்கோட்டான் மாதிரி முழிக்காம நீ தொட்டுத் துடை."

தங்கை உதட்டை இறுக்கிக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"எச்சில் தொடக்கூட மகாராணிக்கு ஆள் வைக்கணுமா? முக்காட்டை வாங்க வர்ற வியாபாரி என் உயிரை எடுக்கப்போறான்!"

தங்கை விரலை வாயில் வைத்து எடுத்தாள். விரல் சிவப்பாக வந்தது. முக்காட்டில் பட்டுவிடாமல் அந்தக் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஊசிக்காரி முக்காட்டைக் கீழே வைத்தாள். தட்டுத்தடுமாறி எழுந்து, குளிர்ந்து கிடந்த அடுப்பில் விறகை அடுக்கித் தீப்பெட்டியைத் தேடினாள்.

"வேணாம்க்கா" என்றாள் தங்கை. "நூல் மங்கிடும்."