வாஸ்லின் தடவின பக்கம்

என் தங்கச்சி வீட்டுக்காரர் போட்டோகிராபர். கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்னு நினைச்சிடாதீங்க, அப்படிச் சொன்னா அவருக்கு மூக்கு மேல கோபம் வரும். அவர் கலைஞராம். அவர் படத்துல மரம் மரமாத் தெரியாது, ஆள் ஆளாத் தெரியாது. பார்க்கிறவங்க தலையைச் சாய்ச்சு, "ஆஹா, கனவு மாதிரி இருக்கே"ன்னு உருகுவாங்க. நான் அவருக்கு வச்ச பேர் பனிமூட்டம்.

லென்ஸுக்கு முன்னால ஒரு வட்டக் கண்ணாடியை மாட்டி, அதுல கட்டை விரலால வாஸ்லின் தடவுவார். தடவின இடமெல்லாம் படத்துல கலங்கிப்போகும். அந்தப் படங்கள்ல பாதி என் தங்கச்சிதான். ஜன்னல் ஓரம், மாடிப்படி, கட்டில்னு எல்லா இடத்துலயும் நிப்பா, உட்காருவா. எதுலயும் முகம் தெளிவாத் தெரியாது.

அவளுக்கு இடது கன்னத்துல தழும்பு. கல்யாணம் ஆன மறு வருஷம் அடுப்புல எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து, காதுலேர்ந்து தாடை வரைக்கும் தோல் சுருங்கிப்போச்சு. அதுக்காக அவ மூலையில உட்கார்ந்து அழல. பல் ஆஸ்பத்திரியில டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. "வர்றவங்களுக்குப் பல் வலியில உயிர் போகுது, என் கன்னத்தை யாரு பார்க்கிறாங்கக்கா?"ன்னு சிரிப்பா.

ஒரே ஒரு ஆசைதான். புருஷன் கையால, முகம் தெரியற மாதிரி ஒரு படம். கேட்டா பனிமூட்டம், "முகம் தெரிஞ்சா அது அடையாள அட்டை. கொஞ்சம் மறைச்சாத்தான் கலை"ம்பார். அவளும் நம்பினா. "அவர் கண்ணுக்கு நான் இவ்வளவு அழகாத் தெரியறேன் பாருக்கா"ம்பா, பைத்தியக்காரி.

போன மாசம் அவர் படங்களுக்குக் கண்காட்சி. தங்கச்சி லீவு போட்டு, புதுத் துணி உடுத்தி, பூரிச்சுப்போய் வந்தா. கடைசிச் சுவர்ல புதுசா ஒரு படம். நாடகத்துல நடிக்கிற ஒரு சின்னப் பொண்ணு. சுத்தி ஒரே மூட்டம், நடுவுல முகம் மட்டும் பளிச்சுன்னு இருக்கு. மூக்கு மேல மச்சம்கூடத் தெரியுது.

நான் சும்மா விடுவேனா? "என்ன மாப்பிள்ளை, இதுல முகம் தெரியுதே? இது கலை இல்லையா?"

"நடுவுல வாஸ்லின் தடவலக்கா. இந்த முகம் தாங்கும்."

சொன்னப்புறம்தான் அவருக்கே உறைச்சது. தங்கச்சி என் பின்னாலயே நின்னுட்டிருந்தா.

அவ தன்னோட படங்களை மறுபடி ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு வந்தா. நானும் கூடவே போனேன். எல்லாத்துலயும் மத்த இடத்துல லேசான மூட்டம், இடது கன்னத்து மேல மட்டும் அப்பி வச்ச மாதிரி. அடப்பாவி!

மறுநாள் காலையில அவ வீட்டுக்குப் போனேன். ஜன்னல்கிட்ட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தா, நல்ல வெளிச்சம்.

"என்னங்க, அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னை ஒரு படம் எடுங்க."

மனுஷன் கழட்டி மேஜை மேல வச்சார். கேமராவைக் கண்ணுல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவளும் அசையாம அவரையே பார்த்துட்டிருந்தா. சரி, திருந்திட்டார்னுதான் நானும் நினைச்சேன். அப்புறம் கேமராவைக் கொஞ்சம் இறக்கி, குழந்தைகிட்ட பேசற மாதிரி அன்பாச் சொன்னார்:

"முகத்தை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கோ."

அவ எழுந்துட்டா. "வேலைக்கு நேரமாச்சு"ன்னு பையை எடுத்து மாட்டினா. சாயங்காலம் நேரா என் வீட்டுக்கு வந்தவதான், இன்னும் திரும்பிப் போகல.

வர்ற வழியில தெருமுக்குப் போட்டோக் கடையில ஒரு பாஸ்போர்ட் போட்டோ எடுத்திருக்கா. கடைக்காரர், "கன்னத்துல இருக்கிறதை எடுத்துடட்டுமாம்மா?"ன்னு கேட்டாராம். "இருக்கட்டும், என்னோடதுதானே"ன்னாளாம். அந்தப் படம் என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல நேரா முறைச்சுட்டிருக்கு.

பனிமூட்டம் ஒரே ஒரு தடவை போன் பண்ணார். நான்தான் எடுத்தேன். அவ எப்படி இருக்கான்னு கேட்கல. அந்த வட்டக் கண்ணாடியைக் காணோம், அவ எடுத்துட்டு வந்துட்டாளான்னு கேட்டார். "எனக்கென்ன தெரியும்"னு வச்சுட்டேன்.

எடுத்துட்டுதான் வந்திருக்கா. சோப்புப் போட்டு நல்லாக் கழுவி, தண்ணி டம்ளருக்கு மூடியா வச்சிருக்கா.